மியாட்டாவின் ஹார்ட்டாப்: வைத்துக்கொள்வதா, விற்றுவிடுவதா?

ஹார்ட்டாப் என்பது மியாட்டா எனப்படும் மாஸ்டா எம்எக்ஸ்-5 திறந்த காரின் மேல் கழற்றி மாட்டும் கெட்டியான கூரை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழை படாத சுவரோ உத்தரமோ உள்ள கராஜ் இருந்தால் கம்பெனி ஒரிஜினல் ஹார்ட்டாப்பை விற்காதீர்கள். அப்படி ஓர் இடம் இல்லையென்றால், தோட்டத்து மூலையில் தார்ப்பாய் போர்த்தி வைப்பதைவிட இந்த வாரமே விற்றுவிடுவது மேல். வேகம், அழகு, குளிர் எல்லாவற்றையும் பேசலாம்தான். ஆனால் கழற்றி வைத்த ஏழெட்டு மாதங்களில்தான் பெரும்பாலான ஹார்ட்டாப்கள் கெட்டுப்போகின்றன.

இங்கே பேசுவது மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் முதல் இரண்டு தலைமுறைகளைப் பற்றி. 1989-இல் வந்த என்ஏ, அடுத்து வந்து 2005 வரை ஓடிய என்பி. இரண்டுக்கும் ஒரே ஹார்ட்டாப் பொருந்தும். மூன்றாம் தலைமுறை என்சிக்கு உரியது இவற்றில் உட்காராது. இப்போதைய என்டிக்குக் கழற்றும் ஹார்ட்டாப்பைக் கம்பெனி தரவே இல்லை, அதற்குப் பதிலாக 2016-இல் கூரை தானே மடங்கும் ஆர்எஃப் வந்தது. ஆகவே பழைய ஹார்ட்டாப்களின் எண்ணிக்கை இனிக் கூடப்போவதில்லை. விபத்திலும் ரேஸ் டிராக்கிலும் உடைந்து குறைந்துகொண்டுதான் போகும். ஒருமுறை விற்றால் அதே நிறத்தில், அதே நிலையில் இன்னொன்று கிடைப்பது கடினம்.

எடை சுமார் 20 கிலோ. ஓர் ஆள் தூக்கக்கூடிய எடைதான். ஆனாலும் இது மூட்டை தூக்குகிற வேலை இல்லை. அகலமானது, பிடிமானம் கிடையாது, பின்னால் கண்ணாடி இருப்பதால் பாரம் ஒரு பக்கமாக இழுக்கும். தனியாகத் தூக்குபவர்கள் நடுவில் நின்று தலைமேல் ஏந்துவார்கள். காற்று கொஞ்சம் அடித்தால் போதும், ஒரு முனை டிக்கி மூடியில் இறங்கிவிடும். இரண்டு ஆள் வேண்டும், ஆளுக்கு ஒரு பக்கம்.

கழற்றும்போது இரண்டு கதவுக் கண்ணாடிகளையும் முழுக்க இறக்குங்கள். பின்பக்க வலது மட்கார்டில் ஆன்டெனா கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் அதையும் இறக்குங்கள், அல்லது திருகி எடுத்துவிடுங்கள். அடுத்தது, எல்லாரும் மறப்பது: பின்கண்ணாடியைச் சூடாக்கி மங்கலை நீக்கும் டீஃபாகரின் வயர். சீட்டுக்குப் பின்னால் ஒரு பிளக்கில் செருகியிருக்கும். அதை உருவாமல் தூக்கினால் வயர் பிளக்கோடு பிய்ந்து வரும். ஆரம்பகால ஹார்ட்டாப் சிலவற்றில் டீஃபாகரே இல்லை, அதனால் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு விண்ட்ஷீல்டின் மேல் சட்டத்தில் உள்ள இரண்டு லாட்ச், அடுத்து கதவுகளுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் லாட்ச். கடைசியாகப் பின்பக்கம். டிக்கி மூடிக்கு முன்னால் பாடியிலிருந்து இரண்டு தடித்த போல்ட்கள் நீட்டிக்கொண்டிருக்கும். இந்தக் கார்க்காரர்கள் அவற்றை ஃபிராங்கன்ஸ்டைன் போல்ட் என்பார்கள். ஹார்ட்டாப்பின் பின்கொக்கிகள் இவற்றைத்தான் பிடித்திருக்கும். இரண்டு பக்கமும் கொக்கி விடுபட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே தூக்குங்கள். ஒரு பக்கம் மாட்டியிருக்கும்போது மறுபக்கம் தூக்கினால் லாட்ச் பிடித்திருக்கும் மூலையில் விரிசல் விழும்.

ஹார்ட்டாப்பை விலைக்கு வாங்கும்போது பார்க்க வேண்டியதும் அந்த மூலைகளைத்தான். மேல்பரப்பில் பெயின்ட் மங்கியிருந்தால் திரும்ப அடித்துக்கொள்ளலாம். பக்க லாட்ச் பதிந்திருக்கும் இடத்தைச் சுற்றி மயிரிழை போன்ற கோடுகள் ஓடினால் விலையைப் பேசாமல் திரும்பிவிடுவதே நல்லது. மாட்டப்போகும் காரில் பின்போல்ட்களும் பக்க லாட்ச் பிடிக்கும் தகடுகளும் இருக்கின்றனவா என்பதையும் வாங்கும் முன்பே பாருங்கள். என்பி கார்கள் சிலவற்றில் இவை இருக்காது. தனியே வாங்கிப் பொருத்த வேண்டிவரும்.

இனி சத்தம். ஹார்ட்டாப் போட்டால் கார் அமைதியாகிவிடும் என்று நினைத்து மாட்டுபவர்களுக்கு முதல் வாரத்திலேயே மேடு பள்ளத்தில் "கடக் கடக்" கேட்கும். உடனே எல்லா லாட்சையும் இறுக்குவது தவறு. ஆளை வண்டி ஓட்டவைத்துவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு லாட்சாகக் கையால் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான் இடம். முன் லாட்சாக இருந்தால் அதன் கொக்கியை அரைச் சுற்று மட்டும் இறுக்கி மறுபடி ஓட்டிப் பாருங்கள். மூடும்போது உள்ளங்கை வலிக்கும் அளவுக்கு இறுக்கினீர்கள் என்றால் நாளடைவில் லாட்சே உடையும். பக்கத்திலிருந்து வந்தால் லாட்சுக்கும் தகட்டுக்கும் இடையே தேய்மானம் இருக்கும். மெல்லிய துணி டேப் ஒரு சுற்றோ, கெட்டி பிளாஸ்டிக் துண்டு ஒன்றோ அதைச் சரிசெய்துவிடும். "கிறீச்" என்ற சத்தம் வேறு வகை. காய்ந்த ரப்பர் பீடிங் பெயின்டில் உரசுவதால் வருவது. பீடிங்கை ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, சிலிக்கோன் கிரீஸை விரல் நுனியில் எடுத்து மிக மெல்லிசாகத் தடவுங்கள். பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், ரப்பர் ஊதிப் போகும்.

மழையில் கதவுக் கண்ணாடி ஓரமாகச் சொட்டினால் பீடிங்கைக் குறைசொல்வதற்கு முன் ஒரு காகிதத் துண்டை எடுங்கள். கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவே வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் காகிதத்தை இழுங்கள். தாராளமாக வழுக்கி வரும் இடத்தில்தான் தண்ணீர் நுழைகிறது. பல கார்களில் கண்ணாடியின் நிலை சாஃப்ட் டாப்புக்கு, அதாவது காரோடு வரும் மடிக்கும் கூரைக்கு, ஏற்ப வைக்கப்பட்டிருக்கும். அதைக் கதவுக்குள் உள்ள ஸ்டாப்பர் போல்ட்களில் சற்றே மாற்றினால் பாதிக் கசிவு நின்றுவிடும். மீதி பெரும்பாலும் விண்ட்ஷீல்டின் பக்கத் தூணில் உள்ள பீடிங். அது காரோடு சேர்ந்தது. ஹார்ட்டாப்பை மாற்றினாலும் அந்தக் கசிவு போகாது.

மாட்டுவதற்கு முன் பாடியில் ஹார்ட்டாப் உட்காரும் விளிம்பைக் கழுவித் துடையுங்கள். பின்பீடிங்குக்கு அடியில் சிக்கும் மணல் ஒரு குளிர்காலம் முழுக்கப் பெயின்டை அரைக்கும். வசந்தத்தில் கழற்றிப் பார்த்தால் பின்தளத்தில் மங்கலான ஒரு பட்டை தெரியும், சில கார்களில் பிரைமரே வெளிவந்திருக்கும். தொடும் இடங்களில் மட்டும் நிறமற்ற பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டுவது சின்னச் செலவு. சாலையில் உப்பு போடும் ஊர்களில் அந்த ஒட்டுதல் ஏன் அவசியம் என்று சொல்லத் தேவையில்லை.

சாஃப்ட் டாப்பை என்ன செய்வது? மடித்தபடியே உள்ளே விட்டு மேலே ஹார்ட்டாப்பை மாட்டலாம், இடம் இருக்கிறது. ஈரமாக மட்டும் மடிக்காதீர்கள், பூஞ்சை பிடித்துவிடும். என்ஏவின் பின்ஜன்னல் பிளாஸ்டிக். அதன் ஜிப்பைத் திறந்து தட்டையாகப் படுக்கவைத்து, மேலே ஒரு பழைய துண்டை விரித்த பிறகே மடியுங்கள். கடுங்குளிரில் மடித்தால் அந்தப் பிளாஸ்டிக் கோடு கோடாக வெடிக்கும், ஆகவே வெயில் உள்ள நாளில் மடித்துவிடுங்கள். மாதக்கணக்கில் மடிந்து கிடந்த வினைல் கொஞ்சம் சுருங்கியிருக்கும். வசந்தத்தில் முதல் தடவை லாட்ச் எட்டாமல் போனால் இழுத்துக் கிழிக்காமல் ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள், தானாக இளகும்.

எடை குறைக்கவென்று சாஃப்ட் டாப்பை அடியோடு கழற்றிப் போடுபவர்களும் உண்டு. பத்தாம் நம்பர் நட்டுகள் வரிசையாக, பிறகு பக்கவாட்டு போல்ட்கள், பிற்பகல் வேலைதான். ரேஸ் டிராக்குக்கு மட்டும் போகிற காருக்கு அது நியாயம். சாலையில் ஓடும் காருக்கு வேண்டாம் என்பேன். ஓட்டுபவர் சீட்டை விட்டு எழாமல் ஒரு கையால் கூரையைப் பின்னே தள்ளிவிடலாம் என்பதுதானே இந்தக் காரின் உயிர். பழைய மெர்சிடிஸ் டபிள்யூ113-இல் கலிஃபோர்னியா என்றொரு வகை இருந்தது, ஹார்ட்டாப் மட்டும், துணிக்கூரை கிடையாது. வீட்டில் கழற்றி வைத்துவிட்டுக் கிளம்பினால் வழியில் மழையை நனைந்தே கடக்க வேண்டும். நடு வளைந்த அந்த ஹார்ட்டாப்பின் தோற்றத்தால்தான் 1963-இல் வந்த அந்தக் காருக்கே பகோடா (கிழக்காசியக் கோயில் கோபுரம்) என்று பெயர் வந்தது, அது வேறு கதை.

ஒன்றை மட்டும் யாரும் தவறாக நம்பிவிடக் கூடாது: கார் உருண்டால் ஹார்ட்டாப் காப்பாற்றாது. அது பிளாஸ்டிக் கலவையில் அச்சிட்ட மூடி. நான்கு லாட்சும் இரண்டு கொக்கியும் காரின் எடையைத் தாங்க வைக்கப்பட்டவை அல்ல. தலைக்குப் பாதுகாப்பு வேண்டுமென்றால் ரோல் பார் (சீட்டுக்குப் பின்னால் வளைவாக நிற்கும் இரும்புக் குழாய்) போடுங்கள். போடும்போது ஹார்ட்டாப்புக்கு அடியில் அது அடங்குமா என்பதைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, தொடக்கத்தில் சொன்ன கராஜ் சுவர். ஹார்ட்டாப்பைத் தரையில் அதன் விளிம்பின் மேலேயே மாதக்கணக்கில் உட்காரவைத்தால் பின்பீடிங் நசுங்கி, திரும்ப எழாது. சுவரில் சாய்த்து வைத்தால் கண்ணாடி ஓரம் முழுப் பாரத்தையும் வாங்கும். சக்கரம் வைத்த ஸ்டாண்டு, சுவர்த் தாங்கி, உத்தரத்திலிருந்து தொங்கவிடும் கப்பி, இந்த மூன்றில் எது ஆனாலும் சரி. கப்பியென்றால் கொக்கியை உத்தரக் கட்டையிலேயே திருகுங்கள். வெறும் ஜிப்சம் பலகையில் திருகினால் ஒருநாள் காரின் மேலேயே விழும். பட்டைகள் கண்ணாடியின் மேல் போகக் கூடாது. தூக்கியபின் கயிற்றை நம்பி விடாமல் இன்னொரு பட்டையால் உத்தரத்தோடு சேர்த்துக் கட்டுங்கள். போர்த்துவதற்குப் பருத்தித் துணி போதும். பிளாஸ்டிக் ஷீட் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைத்து ஹெட்லைனரில் (கூரையின் உட்பக்கத் துணி) பூஞ்சை ஏற்றும்.

காரிலேயே வருடம் முழுக்க மாட்டி வெளியில் நிறுத்துபவர்கள் திருட்டை நினைக்க வேண்டும். கதவைத் திறந்துவிட்டால் லாட்சைக் கழற்ற எந்தக் கருவியும் வேண்டாம், இரண்டு பேர் வந்தால் சில நிமிடம்தான். பக்க லாட்சுக்குப் பதிலாகப் போல்ட் போட்டு இறுக்கும் பிராக்கெட்டுகள் கிடைக்கின்றன. தனிச்சாவி வேண்டிய போல்ட்டாகப் பார்த்து வாங்குங்கள். இன்ஷூரன்ஸ்காரர்களிடம் ஹார்ட்டாப் இருப்பதை எழுத்தில் சொல்லி, பின்கண்ணாடி மூலையில் உள்ள முத்திரையைப் படமெடுத்து அனுப்பி வையுங்கள்.

விற்பது என்றே முடிவானால் காரோடு சேர்த்து விற்காமல் தனியாகக் கேட்டுப் பாருங்கள். என்ஏ, என்பி இரண்டுக்கும் பொருந்துவதால் தேடுபவர்கள் அதிகம். பார்சலில் அனுப்ப ஒத்துக்கொள்ளாதீர்கள், மரச்சட்டம் அடித்தாலும் கண்ணாடி தாங்குவது சந்தேகம். வாங்குபவரே காரோடு வரட்டும். அங்கேயே மாட்டி, நான்கு லாட்சும் பூட்டி, டீஃபாகர் வயரைச் செருகிக் கண்ணாடி சூடாவதைக் கையால் தொட்டுக் காட்டிய பிறகு பணத்தை வாங்குங்கள்.