மரை பிடிக்கிற வரை

ஜூன் 9

பைக்கின் கிளட்ச் கவர் ஓரத்தில் மறுபடியும் ஆயில். துடைத்துவிட்டுச் சாயா குடித்து வருவதற்குள் திரும்பவும் கசிந்திருக்கிறது. கீழ்வரிசையில் ஒரு போல்ட் இறுக்க இறுக்கச் சுற்றிக்கொண்டே போகிறது, பிடிமானமே இல்லை. கழற்றினால் மரையில் அலுமினியச் சுருள் ஒட்டிக்கொண்டு வருகிறது. போன தடவை சர்வீஸ் செய்தவர் நீளம் குறைந்த போல்டைப் போட்டு இறுக்கியிருக்கிறார். நாலைந்து மரைதான் பிடித்திருக்கும். அத்தனை இறுக்கத்தை அலுமினியம் எப்படித் தாங்கும்?

ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் இல்லை.

ஜூன் 10

விடிய விடிய மழை. இன்றும் ரப்பர் பால்வெட்டு கிடையாது.

ஜூன் 11

ஆளாளுக்கு ஒரு வழி சொல்கிறார்கள். செம்புக் கம்பி இழை ஒன்றைத் துளைக்குள் விட்டு போல்டை முறுக்கு என்கிறார் ஒருவர். எம்-சீல் அடைத்துவிடு, அடுத்த ஆயில் மாற்றும்வரை ஓடும் என்கிறார் இன்னொருவர். ஓடலாம். ராத்திரி நேரம் குலசேகரத்திலிருந்து கிளம்பி, தக்கலை தாண்டும்போது ஆயிலெல்லாம் ரோட்டில் போனால்?

ஆஸ்பத்திரியில் இருக்கும் அவளுக்கும் ஓ நெகட்டிவ் ரத்தம், எனக்கும் ஓ நெகட்டிவ். கூப்பிட்டால் உடனே வந்துவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கடைசி பஸ் போனபிறகு எனக்கு இந்த ஸ்ப்ளெண்டரை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

ஜூன் 12

எட்டு மில்லி போல்டுக்குப் பெரிதாக்கிவிடலாம் என்று லேத்தில் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. அந்தத் துளையைச் சுற்றி இருக்கும் உலோகமே கொஞ்சம்தான், அதையும் குடைந்தால் வெடித்துவிடும். கவரில் உள்ள துளையையும் பெரிதாக்க வேண்டும். ஹெலிகாயில் போட்டால் பழைய ஆறு மில்லி போல்டே போதும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, பேனா ஸ்பிரிங் மாதிரி சுருட்டியது. துளையைவிடச் சுருள் ஒரு பொடி பெரிது என்பதால் உள்ளே போனதும் விரிந்து பிடித்துக்கொள்ளும். போல்ட் அலுமினியத்தைத் தொடாமல் எஃகிலேயே ஏறி இறங்கும். கம்பெனி மரையைவிட இதுதான் உறுதி.

கோயம்புத்தூரிலிருந்து கிட் வர வேண்டும்.

ஜூன் 13

கூரியர் வரவில்லை. போனும் வரவில்லை. அம்மைக்கு அடித்தால் எடுக்கவில்லை. அரை மணி நேரம் கழித்து எடுத்து, "வார்டுக்குள்ள இருந்தேன் மக்ளே" என்றாள். அந்த அரை மணி நேரம்.

ஜூன் 14

கிட் வந்தது. துளை போட 6.3 மில்லி பிட், துளைக்குள் மரை வெட்ட அதற்கென்றே உள்ள டேப், சுருளை ஏற்றும் கருவி, சுருள்கள்.

ஜூன் 15

ஆசான் வந்தார். ஆயிலை வடித்துக் கவரைக் கழற்றினோம். கிளட்ச் முழுக்கத் துணியைத் திணித்தோம். இரும்புத் தூள் என்றால் காந்தத்தில் எடுத்துவிடலாம், அலுமினியம் ஒட்டாது. ஒரு துணுக்கு ஆயில் பம்புக்குள் போனால் அவ்வளவுதான்.

துளை சாய்ந்தால் எல்லாம் வீண். லேத்தில் நேராகத் துளையிட்டு வாங்கிய கனத்த இரும்புத் துண்டை ஆசான் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அதன் வழியே பிட்டை இறக்கினேன். அப்புறம் டேப். அதன் பள்ளங்களில் கிரீஸ், நுனியில் சொட்டு மண்ணெண்ணெய். "அவசரப்படாத மக்கா, அரைச் சுத்து போனா கால் சுத்து திரும்பு." ஒவ்வொரு தடவை திருப்பும்போதும் 'கிரிச்' என்று சீவல் ஒடிவது விரலிலேயே தெரிந்தது. வெளியே எடுத்தால் கிரீஸ் முழுக்க வெள்ளிப் பொடி.

சுருளை மேல்விளிம்புக்குக் கால் சுற்று கீழே நிறுத்தினோம். அடியில் குறுக்காக நிற்கும் வாலைத் தட்டி ஒடித்து, அந்தத் துண்டையும் மறக்காமல் வெளியே எடுத்தார். சரியான நீளமுள்ள புது போல்டைக் கையால் விட்டேன். வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசான் பார்க்காத மாதிரி பீடி பற்ற வைத்துக்கொண்டார்.

ஜூன் 16

அடியிலுள்ள ஆயில் சல்லடையையும் கிராங்க் முனையிலுள்ள பில்டரையும் கழுவினேன். புது கேஸ்கெட். போல்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக. இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் இரவல், 10 நியூட்டன் மீட்டரில் டக்கென்று நின்றது. மரை பிடிக்கிறது.

ஜூன் 17

திற்பரப்பு, தக்கலை, திரும்ப வீடு. கவர் ஓரம் காய்ந்து கிடக்கிறது. கை வைத்துத் தடவிப் பார்த்தேன், பிறகு டார்ச் அடித்தும் பார்த்தேன். இல்லை.

டேங்க் நிரப்பிவிட்டேன்.

ஜூன் 18

"இன்னும் ஒண்ணும் சொல்லல மக்ளே. நீ எதாவது தின்னியா?"

மேல்வரிசையில் கிக்கர் பக்கத்துப் போல்டும் அதே குட்டையாக இருக்குமோ என்று இப்போது தோன்றுகிறது. காலையில் கழற்றி அளக்க வேண்டும்.