தோற்றவர் என்று கணக்கில் இருக்கும் ஒரு வாத்தியார்

ஜூன் 9, திங்கள்

பள்ளி திறந்தாகிவிட்டது. விடுமுறை முழுக்க ஜேம்ஸ் நெய்ஸ்மித்தைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் என்பது தெரிந்ததுதான். அமெரிக்காவில் கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் முதல் கூடைப்பந்துப் பயிற்சியாளரும் அவரே. 1898 முதல் 1907 வரை அவருடைய அணி ஜெயித்தது 55, தோற்றது 60. வெற்றியைவிடத் தோல்வி கூடுதலாக உள்ள பயிற்சியாளர் அந்தப் பல்கலைக்கழகத்தில் இன்றுவரை அவர் ஒருவர்தான். படித்ததும் அவர்மேல் மரியாதை கூடித்தான் போனது.

ஜூன் 11, புதன்

1891 டிசம்பர், மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்ட். ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் உடற்பயிற்சி என்றாலே முகம் சுளிக்கும் 18 மாணவர்கள். வெளியே பனி. உள்ளேயே ஆட ஒரு புது விளையாட்டை யோசித்த நெய்ஸ்மித், பந்தைப் போடும் இலக்காக வைக்கப் பெட்டிகள் கேட்டார். பள்ளிப் பணியாளருக்குக் கிடைத்தவை இரண்டு பீச் பழக்கூடைகள். அவற்றை மாடத்தின் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டினார். மாடம் 10 அடி உயரம். வளையம் இன்றும் அதே 10 அடி.

எனக்குப் பிடித்தது அவர் யோசித்த விதம். பந்தோடு ஓடினால் தள்ளிவிடுவார்கள், அடிபடும். ஆகவே ஓடக் கூடாது. இலக்கு தலைக்கு மேலே இருந்தால் பந்தை வேகமாக எறிந்து பயனில்லை, மெல்ல வளைத்துப் போட வேண்டும். அடிபடாமல் பிள்ளைகளை ஆடவைப்பது எப்படி என்று யோசிக்கிற வாத்தியாரின் மூளை இது. முதல் ஆட்டம் 1-0.

ஜூன் 14, சனி

நெய்ஸ்மித் இறையியல் படித்தவர், அப்புறம் மருத்துவமும் படித்தார். பயிற்சியாளர் பொறுப்பை விட்ட பிறகும் 1937 வரை கான்சாஸில் உடற்கல்வி கற்பித்தார். சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை 1920-இல் தொடங்கிய ஹாரி க்ரோ பக்கும் ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர்தான். எனக்கு விசில் பிடிக்கக் கற்றுக்கொடுத்த மாஸ்டர் அந்தக் கல்லூரி மாணவர்.

ஜூன் 19, வியாழன்

இன்று ஜான் மெக்லெண்டன். 1933-இல் கான்சாஸுக்கு வந்த கறுப்பின மாணவர். கறுப்பினத்தவருக்குப் பல்கலைக்கழக அணியில் இடம் கிடையாது. அப்பா சொன்னபடி நேராக நெய்ஸ்மித்திடம் போனார். எழுபதைத் தாண்டிய அந்த மனிதர் அவரைத் தன் மாணவராகவே ஏற்றுக்கொண்டார். மெக்லெண்டன் நீச்சல் குளத்தில் இறங்கினார் என்பதற்காகத் தண்ணீரையே வடித்துவிட்ட காலம் அது. அந்த இடத்தில் ஒரு பேராசிரியர் இவர் பக்கம் நிற்பது சாதாரணமா?

1936-இல் பட்டம் வாங்கினார். ஆடவே விடாத விளையாட்டில் பயிற்சியாளராகி, டென்னசி ஏ அண்ட் ஐ பல்கலைக்கழக அணியை 1957, 1958, 1959 என மூன்று ஆண்டு தொடர்ந்து என்.ஏ.ஐ.ஏ. (அமெரிக்கக் கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கங்களில் ஒன்று) சாம்பியனாக்கினார். கூடைப்பந்துச் சாதனையாளர்களைக் கௌரவிக்கும், நெய்ஸ்மித் பெயர் தாங்கிய ஹால் ஆஃப் ஃபேமில் 1979-இலேயே அவரைச் சேர்த்தார்கள், ஆனால் பயிற்சியாளராக அல்ல. விளையாட்டுக்குப் பங்களித்தவர் என்று. பயிற்சியாளராகச் சேர்த்தது 2016-இல். அதற்குள் அவர் காலமாகியிருந்தார். அந்தத் தாமதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.