கேரவனில் பூனை: சாவியைத் திருகும் முன் தலையை எண்ணுங்கள்

பூனையின் காறை எலும்பு மற்ற எலும்புகளோடு இறுகப் பிணைந்திருக்காது. அதனால் தலை நுழைகிற ஓட்டையில் உடம்பும் நுழைந்துவிடும். கேரவனுக்குள் அப்படிப்பட்ட ஓட்டைகளுக்குப் பஞ்சமே இல்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குழாய் இறங்கும் இடம், கட்டிலுக்கு அடியில் ஒயர் போகும் பாதை, ஓட்டுநரின் கால் பெடலுக்குப் பின்னால் உள்ள இடுக்கு. டார்ச் அடித்து ஒவ்வொன்றாகத் தேடி, ப்ளைவுட் துண்டை ஸ்குரூ போட்டு மூடுங்கள். வெறும் ஸ்பாஞ்சை அடைத்தால் கிழித்துவிடும்.

பக்கச் சுவர் வெளியே நீளும் ஸ்லைடு-அவுட் வண்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். பகுதி வெளியே இருக்கும்போது அதன் அடியிலும் ஓரத்திலும் இருட்டான இடுக்கு உண்டாகும். பூனைக்குப் பிடித்த இடமே அதுதான். உள்ளே இழுக்கும்போது அங்கே படுத்திருந்தால் நசுங்கிவிடும். மோட்டார் சத்தம் கேட்டால் ஓடிவிடும் என்று நம்ப வேண்டாம், பயந்த பூனை இன்னும் உள்ளேதான் ஒடுங்கும். எல்லாப் பூனைகளையும் கண்ணால் பார்த்து, கூண்டில் அடைத்த பிறகே பொத்தானைத் தொடுங்கள்.

ஓடும் வண்டியில் பூனை கூண்டில்தான் இருக்க வேண்டும். எழுந்து திரும்பும் அளவுள்ள, கெட்டியான கூண்டை நகராதபடி பிணைத்துவிடுங்கள். மடியில் வைத்துக்கொண்டால் ஒரு திடீர் பிரேக் போதும், பெடலுக்கு அடியில் போய்விடும். கார் பின்னால் இழுத்துச் செல்லும் வகை என்றால், பூனை முன்னால் உள்ள காரில்தான் வர வேண்டும்.

கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்தினால் வாந்தி குறையும். தண்ணீரை நிறுத்தக் கூடாது. எச்சில் ஒழுகுவது குமட்டலின் அடையாளம். அதற்கு மாத்திரை உண்டு, ஆனால் அளவைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். புது இடத்தில் ஒரு வேளை சாப்பிடாமல் இருப்பது சகஜம். ஒரு நாள் முழுக்கத் தொடவில்லை என்றால் மருத்துவருக்குப் போன் செய்யுங்கள். பட்டினி நீண்டால் பூனையின் ஈரலில் கொழுப்பு சேர்ந்து ஆபத்தாகும். ஆண் பூனை மணல் பெட்டியில் முக்கி முக்கி உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லையா? உடனே மருத்துவரிடம் ஓடுங்கள்.

மணல் பெட்டிக்குக் குளியலறைத் தரை தோது. பழைய மணல் ஒரு கைப்பிடி கலந்தால் வாசனை பழகியதாக இருக்கும். கட்டி சேரும் மணலைக் கழிப்பறையில் கொட்டாதீர்கள். கழிவுத் தொட்டியில் ஊறி இறுகிவிடும்.

வெளியே 21 டிகிரி செல்சியஸ் இருந்தாலே, வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் 10 டிகிரி போல ஏறும். கேரவனில் சற்று மெதுவாக ஏறலாம், ஆனால் ஏறத்தான் செய்யும். முகாமில் மின்சாரம் போனால் ஏசியும் நின்றுவிடும். எனவே சொந்த பேட்டரியும் சிம்மும் உள்ள வெப்பமானியை உள்ளே வைத்து, எச்சரிக்கை போனுக்கு வரும்படி செய்யுங்கள். பூனை வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, மருத்துவரை அழையுங்கள்.

கதவு வழியே நழுவிவிட்டால் துரத்தாதீர்கள். வண்டியை எடுக்கவும் வேண்டாம். முதலில் வண்டிக்கு அடியிலும், சக்கரத்துக்கு மேலுள்ள இடுக்கிலும், பக்கத்து வண்டிகளின் கீழேயும் பாருங்கள். இரவு அடங்கியதும் டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துத் தரையோடு வீசினால் இரண்டு கண்கள் மின்னும். மைக்ரோசிப்பில் பதிந்த போன் எண் இப்போதும் உங்களுடையதுதானா என்பதைக் கிளம்புவதற்கு முந்தைய வாரமே சரிபார்த்துவிடுங்கள்.