ஒண்ணாம் நம்பர் பஸ்

திருச்சி ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியதும் தங்கை மகன் கார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான். பையை வாங்கிக்கொண்டான். "நீ பையை எடுத்துட்டுப் போ, நான் ஒண்ணாம் நம்பர்ல வந்துடறேன்" என்றேன். அவனுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. "பஸ்ஸா? அது பாலக்கரை எல்லாம் சுத்திக்கிட்டுப் போகும் மாமா, கார்னா இருபது நிமிஷம்" என்றான். சுற்றிக்கொண்டு போகும் என்பதால்தான் அதில் ஏற ஆசைப்பட்டேன் என்று அவனிடம் எப்படிச் சொல்வது? கல்யாணம் மறுநாள்தான். ஸ்ரீரங்கத்து வீட்டில் இன்று போய் எனக்கு வெட்டி முறிக்க எதுவும் இல்லை.

திருச்சிக்காரர்களுக்கு ஒண்ணாம் நம்பரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: மத்தியப் பேருந்து நிலையத்தில் கிளம்பி, பாலக்கரை, மெயின்கார்டு கேட், சத்திரம், திருவானைக்காவல் வழியாக ஸ்ரீரங்கம் போகும் டவுன் பஸ். ஊரின் பாதியை அது ஒரே மூச்சில் காட்டிவிடும். நான் பிறந்தது 1965-ல். ஊரை விட்டு வேலைக்குப் போனது 1983-ல். இடைப்பட்ட காலத்தில் இந்த பஸ்ஸில் எத்தனை தடவை போயிருப்பேன் என்று கணக்கே இல்லை. அதில் முக்கால்வாசி அப்பாயியோடு, அதாவது அப்பாவின் அம்மாவோடு.

வெளியூர் பஸ்களை 2025-ல் பஞ்சப்பூர் முனையத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் மத்தியப் பேருந்து நிலையத்தில் அந்தப் பழைய நெரிசல் இல்லை. "மதுரை மதுரை மதுரை" என்று காதுக்குள் கத்தும் ஆட்களும் இல்லை. ஒண்ணாம் நம்பர் மட்டும் எப்போதும்போல ஒன்று கிளம்ப, இன்னொன்று வந்து நின்றது. ஜன்னலோரம் கிடைத்தது. அறுபது வயதிலும் அது ஒரு சந்தோஷம்தான்.

முன்பக்கம் பெண்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தார். 2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் காசு கிடையாது. எனக்கு அப்பாயி ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்தத் திட்டம் அவள் காலத்தில் வந்திருந்தால் அவள் வாழ்க்கையின் ஒரு பெரிய பொழுதுபோக்கே போயிருக்கும்.

அப்போது பன்னிரண்டு வயது வரை அரை டிக்கெட். நான் உயரமாக வளர்ந்துவிட்டேன். பதின்மூன்று முடிந்து மீசை அரும்பிய பிறகும் ஒண்ணாம் நம்பரில் மட்டும் எனக்குப் பத்து வயதுதான். "ஒண்ணு, ஒரு அரை" என்று சொல்லிவிட்டு, இடுப்பிலிருந்து சுருக்குப்பையை உருவி, வெற்றிலைக்கும் கொட்டைப்பாக்குக்கும் நடுவே விரலை விட்டுத் துழாவிச் சில்லறையை எடுப்பாள். எல்லாக் காசிலும் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும். கண்டக்டர் என்னை மேலும் கீழும் பார்ப்பார். "எந்தக் கிளாஸ்டா தம்பி?" என்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாயி என் தொடையில் கிள்ளியிருப்பாள். ஒருநாள் ஏதோ ரோஷத்தில் "எட்டாம் கிளாஸ்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன். பஸ்ஸே சிரித்தது. அப்பாயி அசரவில்லை. "பையன் கெட்டிக்காரன்யா, டபுள் புரமோஷன்" என்றாள். கண்டக்டர் அரை டிக்கெட்டையே கிழித்துக் கொடுத்தார். வயதை நம்பி அல்ல, அந்த பதிலுக்காகத்தான் கொடுத்திருப்பார்.

தலைமை அஞ்சலகம் தாண்டி, மேலப்புதூர் தாண்டி, பாலக்கரை. இங்கேதான் ஒரு சந்தில் எங்கள் வீடு. இப்போது அந்த இடத்தில் மூன்று மாடி, கீழே செல்போன் கடை. இறங்கவில்லை. பஸ் நின்ற அரை நிமிடத்தில் சந்தின் வாயை மட்டும் பார்த்துக்கொண்டேன்.

அந்தச் சந்துக்கு ஒரு சத்தம் உண்டு. நாலு வீட்டுக்கு ஒரு பட்டறை. செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுகிற பட்டறை. திருச்சி என்றால் மலைக்கோட்டை, உறையூர்ச் சுருட்டு என்று வெளியூரில் சொல்வார்கள். எங்களுக்கு ஊர் என்றால் இந்தக் கல்தான். மிளகை விடச் சின்னக் கல்லைக் குச்சி முனையில் அரக்கு வைத்து ஒட்டி, சுழலும் தட்டின் மேல் சாய்த்துப் பிடிப்பார்கள். ஒரு முகம் தேய்ந்ததும் குச்சியை ஒரு துளி திருப்பி அடுத்த முகம். விடியற்காலையிலிருந்து "ஸ்ஸ்ஸ்" என்று ஒரே இழுப்பு. கரண்ட் போனால் சந்தே திடீரென்று செவிடாகிவிடும். அப்பா அப்படி ஒரு பட்டறையில் இரண்டு தட்டு வைத்திருந்தார். தீட்டி முடித்த கற்கள் ஒரு கறுப்புத் துணி மேல் அப்பாயி முன்னால் வந்து விழும். அவள் வேலை, கழிசலைப் பொறுக்குவது. வாசல் திண்ணையில் காலை வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு கல்லாக இடுக்கியில் எடுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாள். "இதுல ஒரு முகம் சாஞ்சிருக்கு" என்று தள்ளுவாள். அப்பா பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் நிஜமாகவே சாய்ந்திருக்கும். கண்ணாடி போடாத கண் அது.

பின்னால் மெஷினில் தீட்டிய கற்கள் வந்து இறங்கின, கையால் தீட்டுகிறவனுக்குக் கூலி கட்டவில்லை. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடின. நான் அப்போது ஊரில் இல்லை. அதனால் எனக்கு அந்தச் சத்தம் நின்றது தெரியாது.

பாலக்கரை வழியாகத்தான் உய்யக்கொண்டான் வாய்க்கால் போகிறது. சோழர் காலத்து வாய்க்கால், பேட்டவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரிந்து வருவது. இப்போது எட்டிப் பார்த்தால் கறுப்பாகப் பிளாஸ்டிக் மிதக்கிறது. எங்கள் வயதுக்காரர்களுக்கு இந்த வாய்க்கால் என்றால் ஒரே ஒரு தேதிதான்: 1977 நவம்பர் 12. தீபாவளி முடிந்து இரண்டொரு நாள். நாகப்பட்டினம் பக்கம் புயல் கரையைக் கடந்த அன்று ராத்திரி இங்கே மழை கொட்டித் தீர்த்தது. கோரையாறு, குடமுருட்டி, உய்யக்கொண்டான் எல்லாம் ஒரே நேரத்தில் உடைத்துக்கொண்டு ஊருக்குள் புகுந்தன. காவிரி பொங்கி ஊர் முழுகும் என்று பயந்திருந்தவர்களை முதுகுப் பக்கமிருந்து வந்த சின்ன ஆறுகள் மூழ்கடித்தன.

உறையூரில் அத்தை வீடு. இரண்டு நாள் மொட்டை மாடியில் இருந்திருக்கிறார்கள். தண்ணீர் வடிந்ததும் அப்பாவும் நானும் நடந்தே போனோம். தெருவெல்லாம் முழங்கால் சேறு. வீட்டுக்குள் சுவரில் என் தலைக்கு மேலே ஒரு கோடு, தண்ணீர் நின்ற கோடு. அரிசி, துணி, மாமாவின் ரேடியோ எல்லாம் போச்சு. ஒரு தகர டின் மட்டும் மிதந்து மிதந்து பரண் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. தீபாவளி முறுக்கு டின். மூடியைத் திறந்தால் முறுக்கு அப்படியே மொறுமொறுவென்று இருக்கிறது. அத்தை அதுவரைக்கும் அழவில்லை, அந்த முறுக்கைப் பார்த்துத்தான் அழுதாள். எங்கள் வீட்டுக்குக் கொண்டு வந்ததும் அப்பாயி ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "உப்பு கொஞ்சம் தூக்கல்" என்றாள். வீட்டில் முதல்முறையாக எல்லாரும் சிரித்தார்கள்.

சரி, பஸ் இதற்குள் மேலப்புலிவார்டு ரோட்டுக்கு வந்துவிட்டது. இந்தப் பெயர் எனக்கு ரொம்ப நாள் புதிராக இருந்தது. மேலே புலி ஒன்று, கீழப்புலிவார்டில் இன்னொன்று என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பழைய ஜெயிலில் கைதிகளுக்கு வார்டு இருப்பதுபோல புலிகளுக்கும் வார்டு இருந்திருக்க வேண்டும் என்பது என் ஆராய்ச்சி. கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்த்துப் போட்ட சாலை, வெள்ளைக்காரன் 'புலவார்டு' என்றதை நாம் புலியாக்கிவிட்டோம் என்பது கல்லூரிக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தெரியாமலே இருந்திருக்கலாம்.

அந்தக் கோட்டையில் மிஞ்சிய வாசல்தான் மெயின்கார்டு கேட். அதற்குள்ளே தெப்பக்குளம், தெப்பக்குளத்தைச் சுற்றிக் கடைகள், கடைகளுக்கு முன்னால் கடைகள், அவற்றுக்கு முன்னால் தரையில் விரித்த கடைகள். அன்றும் அப்படித்தான். மைக்கேல் ஐஸ்கிரீம் கடை வாசலில் கூட்டம். பஸ்ஸிலிருந்தே பார்த்துவிட்டு வந்தேன். சிறுவயதில் பரீட்சை முடிந்தால் மட்டும் உண்டு. செயின்ட் ஜோசப் கல்லூரி பக்கம் லூர்து மாதா கோவிலின் கூரான கோபுரம் ஒருபுறம், மலைக்கோட்டை மறுபுறம். அப்துல் கலாம் படித்த கல்லூரி என்று பின்சீட்டில் யாரோ ஒரு அப்பா மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் ஐஸ்கிரீம் கடையைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

சத்திரம் பேருந்து நிலையத்தை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. குதிரை வண்டிகள் நின்ற இடத்தைத் தேடினேன். அந்த வாசனை இல்லாமல் அடையாளம் பிடிபடவில்லை.

அப்புறம் காவிரி. பாலத்தில் பஸ் ஏறியதும் எல்லாத் தலையும் ஒரு பக்கம் திரும்பும், தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க. ஐம்பது வருடமாக இது மாறவில்லை. செல்போனில் மூழ்கியிருந்த பையன்கூட ஒரு தடவை நிமிர்ந்தான். இந்தப் பாலம் 1976-ல் திறந்தது. எனக்குப் பதினோரு வயது. அதற்கு முன்பிருந்த பழைய பாலத்தோடு ஒப்பிட்டால் ஏதோ வெளிநாடு மாதிரி இருந்தது. சாயங்காலமானால் நடைபாதையில் காற்று வாங்கக் கூட்டம் நிற்கும், சுண்டல்காரர் வருவார். இப்போது அதற்கே வயதாகிவிட்டது. இரண்டு மூன்று வருடம் முன்பு மாதக்கணக்கில் மூடி ரிப்பேர் பார்த்தார்கள். பக்கத்திலேயே அடுத்த பாலத்துக்கு வேலை நடக்கிறது. நான் 'புதுப்பாலம்' என்று கூப்பிட்ட ஒன்று கண் முன்னால் பழைய பாலம் ஆவதைப் பார்க்கிறேன்.

ஆடிப்பெருக்கன்று அம்மா மண்டபம் படித்துறைக்கு அப்பாயி என்னைத் தூக்குச் சட்டியோடு இழுத்துப் போவாள். காப்பரிசி, காதோலை, கருகமணி, மஞ்சள் கயிறு. வருகிற தண்ணீரைப் பார்த்து, "வந்துட்டியாம்மா" என்று வீட்டுக்கு வந்த மகளை விசாரிப்பதுபோலத்தான் பேசுவாள். எனக்குக் காப்பரிசி மேல்தான் கண்.

திருவானைக்காவலில் பாதி பஸ் காலி. பார்த்தசாரதி விலாஸ் நெய் தோசைக்கு இறங்கலாமா என்று ஒரு நொடி மனசு தள்ளாடியது. இறங்கினால் பயணம் உடைந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் வருத்தம்தான்.

ராஜகோபுரம் ஸ்டாப்பில் இறங்கினேன். 236 அடி, பதின்மூன்று நிலை. எல்லாரும் அண்ணாந்து போட்டோ எடுக்கிறார்கள். எனக்கு மட்டும் இந்தக் கோபுரத்தைப் பார்த்தால் யாரோ புது ஆள் வந்து நிற்கிற மாதிரியே இருக்கும். நான் வளர்ந்தபோது இங்கே இருந்தது மொட்டைக் கோபுரம். நானூறு வருடங்களாக யாரும் முடிக்காமல் விட்ட கல் வாசல். மேலே ஆகாயம், செடி முளைத்த விளிம்பு, புறாக்கள். இடிந்துபோனதை நினைத்து ஏங்குகிறவர்கள் உண்டு. நான் முடித்துவிட்டார்களே என்று ஏங்குகிறவன். இதை ஸ்ரீரங்கத்தில் சத்தமாகச் சொன்னால் அடி விழும்.

1979-ல் கோபுர வேலை தொடங்கியது. அதிலிருந்து அப்பாயிக்கு ஒண்ணாம் நம்பரில் ஏற இன்னொரு காரணம் கிடைத்தது. புரட்டாசிச் சனிக்கிழமை ஒவ்வொன்றும் வந்து, சாரத்துக்கு நடுவே எத்தனை நிலை எழும்பியிருக்கிறது என்று எண்ணுவாள். கல்லில் முகம் எண்ணிய அதே கண்ணால், ஒரு கண்ணை மூடிக்கொண்டு. ஒருமுறை, "அந்த மூலை கொஞ்சம் சாஞ்சிருக்கு" என்றாள். நான் அவள் வாயைப் பொத்தினேன்.

1984 புரட்டாசியில் நான் லீவில் வந்து அவளைக் கூட்டிப்போனேன். அதற்குள் இரண்டு கண்ணிலும் புரை விழுந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம் என்று பிடிவாதம். முழு டிக்கெட் இரண்டு நான்தான் எடுத்தேன். இதே இடத்தில், என் தோளைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தபடி கேட்டாள்:

"எத்தனை நிலைடா வந்திருக்கு?"

மேலே பாதிக்கு மூங்கில் சாரம்தான் தெரிந்தது.

"பதிமூணும் வந்திருச்சு அப்பாயி."

"கலசம்?"

"அது இனிமேதான்."

"சரி. மெதுவா வைக்கட்டும், அவசரமில்ல."

மறுவருடம் போய்ச் சேர்ந்தாள். கும்பாபிஷேகம் 1987 மார்ச் 25-ல் நடந்தது.

கைப்பேசி அடித்தது. தங்கை மகன். "மாமா, எங்க இருக்கீங்க?" கோபுரத்தடியில் என்றேன். அங்கேயே நில்லுங்க, வர்றேன் என்றான். வேண்டாம் என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான். அவன் வரும்வரை சும்மா நிற்பானேன் என்று கீழிருந்து எண்ண ஆரம்பித்தேன். ஒன்பது வரை வந்தபோது ஆட்டோ ஒன்று காதருகே ஹாரன் அடித்தது, கணக்கு தவறிவிட்டது. ஓரமாக நகர்ந்து நின்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறுபடி ஒன்றிலிருந்து.