ஈயமில்லாத தோட்டாவுக்கு மூன்று நடை

ஐம்பது தோட்டா கொண்ட ஒரு சின்னப் பெட்டிக்காக மூன்று தடவை கடைக்கு அலைந்தேன், சோதனைக் கட்டணமே 38 டாலர் போனது. எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கலிஃபோர்னியாவில் நிலம் வைத்திருக்கும் நம் ஆட்கள் யாருக்காவது ஒரு நடையாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஃப்ரெஸ்னோ பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் பாதாம் மரங்கள் இருக்கின்றன. தரை அணில் தொல்லை என்னவென்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் ஊர் மூன்று கோட்டு அணிலோடு இதைச் சேர்க்காதீர்கள், இது கூட்டமாக வளை தோண்டி வாழும் வேறு பிராணி. இந்த வருடம் சொட்டுநீர்க் குழாயை ஒரே வரிசையில் ஏழு இடத்தில் கடித்து வைத்திருந்தது. வீட்டில் சின்னக் குண்டு போடும் ஒரு டுவென்டி டூ (.22) ரைஃபிள் உண்டு, தோட்டாதான் இல்லை. 2019 ஜூலை 1 முதல் இந்த மாநிலத்தில் எந்தக் காட்டுயிரைச் சுட்டாலும் ஈயமில்லாத தோட்டாதான் போட வேண்டும், முயல் வேட்டையோ சொந்த நிலத்து அணிலோ எதற்கும் விலக்கு கிடையாது. முதல் தடவை பிடிபட்டாலே 500 டாலர் அபராதம். காகித இலக்கில் பழகுவதற்கு மட்டும் ஈயம் பரவாயில்லை.

முதல் நடை பெயரில் போனது. தோட்டா வாங்க ஒவ்வொரு முறையும் பின்னணிச் சோதனை உண்டு. நம் பேரில் துப்பாக்கி பதிவாகி இருந்தால் சின்னக் கட்டணத்தில் உடனே முடியும், ஆனால் பெயரும் முகவரியும் பதிவேட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். நான் 2016-ல் ரைஃபிள் வாங்கியபோது என் டிரைவிங் லைசென்ஸில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்று இருந்தது. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரோடு வந்த தமிழர்களுக்கு இது என்னவென்று தெரியும். குடியுரிமை வாங்கும்போது பெயரைச் சரிசெய்துகொண்டேன், துப்பாக்கிப் பதிவு மட்டும் பழைய பெயரிலேயே நின்றுவிட்டது. கவுன்டரில் இருந்த பையன் திரையைப் பார்த்து “ரிஜெக்டட்” என்றான், காரணம் கேட்டால் தனக்குத் தெரியாது என்றான். பின்னால் வரிசையில் நின்றவர்கள் என்னை ஏதோ குற்றவாளி போலப் பார்த்தார்கள். நீங்கள் வீடு மாறியிருந்தாலும் இதே கதிதான், கிளம்பும் முன் பதிவைச் சரிபாருங்கள்.

வேறு வழியில்லாமல் 19 டாலர் கட்டி, துப்பாக்கிப் பதிவை வைத்துப் பார்க்காத இன்னொரு நீண்ட சோதனைக்கு எழுதிக் கொடுத்தேன். ஆறாம் நாள் அனுமதி வந்தது. இரண்டாம் நடை. ஈயமில்லாதது வேண்டும் என்று தெளிவாகச் சொல்லித்தான் கேட்டேன், கடைக்காரர் “இதெல்லாம் செம்பு” என்று ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தார், குண்டும் பளபளவென்று செம்பு நிறத்தில் இருந்தது. வீட்டுக்கு வந்து பெட்டியின் ஓரத்தில் இருந்த பொடி எழுத்தைப் படித்தால், செம்புப் பூச்சுதான், உள்ளே முழுக்க ஈயம். விற்ற தோட்டாவைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்றார்கள். அந்த 19 டாலர் அனுமதி ஒரே ஒரு தடவை வாங்குவதற்குத்தான் என்பதால் அதுவும் தீர்ந்தது.

இதை மட்டும் மனதில் வையுங்கள்: பெட்டியில் குண்டின் எடையைப் பாருங்கள். டுவென்டி டூ லாங் ரைஃபிள் என்ற தோட்டா ரகத்தில் 36, 40 கிரெயின் (குண்டை நிறுக்கும் அளவு) என்று போட்டிருந்தால் அநேகமாக ஈயம்தான். செம்பு, தகரம், துத்தநாகம் எல்லாம் ஈயத்தைவிட இலேசு, அதனால் ஈயமில்லாத குண்டுகள் பெரும்பாலும் 20-லிருந்து 30 கிரெயினுக்குள் நிற்கும். நிறமும் பூச்சும் எதையும் சொல்லாது. பெட்டியில் ஈயமில்லாத பிரைமர் என்று எழுதியிருந்தால் அது தோட்டாவுக்குள் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைப் பற்றிய பேச்சு, குண்டைப் பற்றியது அல்ல.

மறுபடி 19 டாலர், மறுபடி காத்திருப்பு. மூன்றாம் நடைக்கு முன் போன் போட்டு, கையிருப்பு இருக்கிறதா, எத்தனை கிரெயின் என்று பெட்டியைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டே போனேன். செம்பில் ஒன்று, தகரத்தில் ஒன்று என இரண்டு ரகம் வாங்கினேன். அது நல்லதாய்ப் போயிற்று. குழலைத் துடைத்துவிட்டு ஐம்பது கஜத்தில் காகிதம் கட்டிச் சுட்டுப் பார்த்தபோது, செம்பு ஒரு சாண் அகலத்துக்குச் சிதறியது, என் ரைஃபிள் செமி ஆட்டோ, சுட்டதும் தானாக வெளியே வர வேண்டிய வெற்று ஓடு இரண்டு தடவை வராமல் சிக்கியது. 26 கிரெயின் தகரமோ ஐந்து குண்டையும் ஒரு எலுமிச்சம்பழம் மூடும் அளவுக்குள் போட்டது. உங்கள் ரைஃபிளுக்கு நேர்மாறாகவும் இருக்கலாம், அதனால் எதையும் மொத்தமாக வாங்கிக் குவிக்காதீர்கள். அப்புறம், ஈயத்துக்கு வைத்திருந்த குறி இதற்குச் சரிவராது. எனக்கு இரண்டு அங்குலம் மேலே போனது, ஸ்கோப்பைத் திருப்பித்தான் சரிசெய்தேன். இலேசான குண்டு வேகமாகக் கிளம்பினாலும் சீக்கிரம் தளர்ந்துவிடும், ஐம்பது கஜத்துக்கு மேல் நான் சுடுவதில்லை. காயத்தோடு வளைக்குள் ஓடிச் சாகவிடுவது பாவம். பின்னால் மண்மேடு இல்லாமலும் சுடுவதில்லை.

இத்தனை அலைச்சலிலும் இரண்டாம் நடையில் வாங்கிய அந்த ஈயத் தோட்டாவை எடுத்துச் சுட எனக்கு மனம் வரவில்லை. ஈயக் குண்டு உடம்புக்குள் பொடிப்பொடியாகச் சிதறும், செத்த அணிலைத் தின்னும் பறவைக்கு அந்தப் பொடியே போதும். இந்த மாநிலத்துக் காண்டோர் கழுகு 1982-ல் உலகத்திலேயே வெறும் 22-தான் மிஞ்சியிருந்தது, இன்றைக்கும் அதைக் கொல்வதில் முதல் எதிரி ஈயம்தான். எங்கள் தோட்டத்துக்குக் காண்டோர் வராது. ஆனால் போன சனிக்கிழமை நான் முதல் அணிலைச் சுட்டுவிட்டு, எடுத்துப் புதைக்க மண்வெட்டியோடு திரும்பி வருவதற்குள், செவ்வால் பருந்து ஒன்று வேலிக் கம்பத்தில் உட்கார்ந்து அதைக் கிழித்துக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி நின்று பார்த்தேன், விரட்டவில்லை.

பெயர் திருத்தத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை. தகரப் பெட்டியில் 31 தோட்டா மீதம் இருக்கிறது.