காப்பி குடிக்கவா வந்தான்?

ஜூன் 12, தக்கலை

ராத்திரி 'தி லாஸ்ட் பிக்சர் ஷோ' பார்த்தேன். 1971-ல் பீட்டர் போக்டனோவிச் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். டெக்ஸாஸில் அனரீன் என்று ஒரு சின்ன ஊர். புழுதிக் காற்று, ஒரு தியேட்டர், ஒரு பில்லியர்ட்ஸ் கூடம், ஒரு சாப்பாட்டுக் கடை. மூன்றும் சாம் என்கிற பெரியவருடையவை. யார் வீட்டுக்கு யார் போகிறார் என்று ஊருக்கே தெரியும், ஆனால் நேரில் யாரும் வாய் திறப்பதில்லை. நம்ம பக்கம் மாதிரியேதான்.

பள்ளிக்கூடத்து கோச், தன் மனைவி ரூத்தை டாக்டரிடம் கூட்டிப்போகச் சொல்லி மாணவன் சன்னியை அனுப்புகிறான். அவளுக்கு வைத்தியத்தைவிடப் பக்கத்தில் ஓர் ஆள்தான் வேண்டும். அதைக் கேட்கத் தெரியவில்லை. வீடு திரும்பியதும் உள்ளே வரச் சொல்கிறாள், அப்புறம் அழுகிறாள்.

ஜூன் 13

விடாத மழை. மத்தியானம் போன கரண்ட் ராத்திரிதான் வந்தது. படம் இல்லை.

ஜூன் 15

கடைசி அடுக்களைக் காட்சியை மறுபடி போட்டேன். பெரியம்மையும் வந்து உட்கார்ந்தார்கள். ரூத்தோடு பழகி, அப்புறம் அவளை விட்டுவிட்டு ஜேசி என்ற பெண்ணின் பின்னால் போன சன்னி, திரும்பி வந்து காப்பி கேட்கிறான். உடை மாற்றாமல் நிற்பதற்கு அவள் மன்னிப்புக் கேட்கிறாள். ஊற்றும்போது கை நடுங்குகிறது. சட்டென்று கோப்பை சுவரில் போய் மோதுகிறது, பின்னாலேயே காப்பிப் பாத்திரமும். இவனிடம் நான் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று கத்துகிறாள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் மேஜைக்கு மேலே கையை நீட்டுகிறான், அவளும் பிடித்துக்கொள்கிறாள். ரூத்தாக நடித்த க்ளோரிஸ் லீச்மனுக்கு ஆஸ்கர் சும்மா கிடைக்கவில்லை.

பெரியம்மைக்கு இங்கிலீஷ் தெரியாது. "எறிஞ்சது கொள்ளாம். பின்ன எதுக்குக் கையப் பிடிச்சா?" என்றார்கள். எனக்கோ அவள் பிடித்ததுதான் சரி என்று பட்டது.

ஜூன் 18

சாம் குளத்தங்கரையில் தன் பழைய காதலைப் பேர் சொல்லாமல் பேசுகிறார். அவள் ஜேசியின் அம்மா லோயிஸ் என்பது அவர் செத்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. பின்னணி இசையே கிடையாது. ரேடியோவில் ஹாங்க் வில்லியம்ஸ் பாடினால் உண்டு. நம் படமாக இருந்தால் வயலின் பிழிந்திருக்கும்.

ஒரு குறை: கோச் பக்கம் படம் சரியாகத் திரும்பவே இல்லை. பெரியம்மையிடம் சொன்னேன். "அவனுக்கு வேண்டியத அவன் சத்தம் போட்டே வாங்கியிருப்பாம்லா" என்றார்கள்.