நமக்கு ஏம்மா கிறிஸ்துமஸ் மரம் இல்லை?

டிசம்பர் வந்தாலே யூதர்களான எங்கள் வீட்டில் இந்தக் கேள்வி கிளம்பிவிடும். ஹனுக்காதான் யூதர்களின் கிறிஸ்துமஸ் என்று சமாளித்துவிடலாம், ஆனால் அது உண்மையில்லை, கி.மு. 164-இல் எருசலேம் ஆலயத்தை மீட்டுத் தூய்மைப்படுத்தியதை நினைக்கும் சின்னப் பண்டிகை அது, கிறிஸ்துமஸ் பக்கத்தில் வந்து மாட்டிக்கொண்டதால்தான் இத்தனை பரிசுப் பொட்டலம். 2024-இல் முதல் விளக்கு ஏற்றியதே டிசம்பர் 25 மாலையில், கேட்கவே வேண்டாம்! மெழுகுவர்த்திகளை வலமிருந்து இடமாக வைத்து, கடைசியாக வைத்ததை முதலில் ஏற்ற வேண்டும். அதை யார் ஏற்றுவது என்று சின்னவன் போடும் சண்டையில் மரம் மறந்தே போகும். பக்கத்து வீட்டு மரத்தில் நட்சத்திரம் மாட்டக் கூப்பிட்டால் தாராளமாகப் போகட்டும். ஒரே கண்டிஷன்: சாண்டா நிஜமா என்று வகுப்பில் யாராவது கேட்டால், "உங்க அம்மாவைக் கேளு" என்று சொல்லிவிட்டு நழுவிவிட வேண்டும்.